ஏழெட்டு

சியாத்துராவில் ஒருவனை மண்ணுக்குள் இறக்க
முதலில் மலை ஏற வேண்டும்.
ஆறு பேர் தூக்கினார்கள்.
என் தோளை யாரும் கேட்கவில்லை, எழுபத்து மூன்று வயதுத் தோள்.
நான் ஜும்பேரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இப்போது இழவு விருந்து.
நீள மேசை, அவரை மசியல், ஆட்டிறைச்சிச் சோறு,
ஒன்றோடொன்று மோதக் கூடாத கோப்பைகள்.
ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு மது விட்டுவிட்டு
ஒவ்வொருவராக எழுகிறார்கள்.
கை சுத்தமானவன் என்கிறார் பழைய சுரங்க மேலாளர்.
விளக்கும் ரொட்டியும் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
பாதி மாவை எங்கள் கதவில் வைத்துவிட்டுப் போனான்
என்கிறாள் லமாரா.
“ஆனால் கணக்கைத் திருடியவன்!”
கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல்.
அழுத கண்ணோடு மேசை முழுக்கச் சிரிக்கிறது.
அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.
என் பக்கம் திரும்புகிறார்கள்.

நான்காம் வகுப்பு. பனி.
பள்ளிக்கு இறங்கும் கம்பிவண்டி
நடுவானில் நின்றுவிட்டது.
கீழே குவிரிலா ஆறு,
மாங்கனீசு கரைந்து மைக்கூடு கவிழ்ந்த கறுப்பில்.
உள்ளே நாங்கள் இருவர், கோழியோடு ஒரு பெண்,
ஆடுகிற இரும்பு.
இரண்டு மணி நேரம்.
பயத்தில் கோழி முட்டையிட்டது.
இதை நம்பாதவர்களிடம் ஜும்பேர் சண்டைக்கே போவான்.

ஏழு வண்டி, வண்டிக்கு எட்டு டன் தாது.
அதில் மூன்று டன் வெறுங்கல். மீதி எவ்வளவு?

மறுநாள் இரண்டு நோட்டிலும் ஐம்பத்தொன்று.
வகுப்பில் வேறு எவனுக்கும் அப்படியொரு தப்பு வாய்க்கவில்லை.
வார்லாம் வாத்தியார் நோட்டுகளைப் பார்த்தார்,
பிறகு முகங்களை.
என் அப்பா சுரங்க அலுவலகத்தில் கணக்கர்.
அவன் அப்பா சுரங்கத்துக்குள்.
அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.
மர அளவுகோல் அவன் விரல்களில் இறங்கியது.
எண்ணினேன். ஒன்பது.

அதன் பிறகு எது கோணலாகப் போனாலும்
அவன் சொல்வது ஒரே சொல்.
என் கல்யாணத்தில் மழை கூடாரத்தைச் சாய்த்தபோது: “ஐம்பத்தொன்று, ரேவாஸ்.”
வேலை போன அன்று, தபாலட்டையில், வேறொன்றும் எழுதாமல்.
பல் போனபோது. தேசமே போனபோது.
போன மாதம் குத்தாயிசி ஆஸ்பத்திரியில்
ரத்தப் பரிசோதனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
மெதுவாக, கிட்டத்தட்ட பாசமாக.

அறுபத்து மூன்று வருடம்
விருந்துக்கு விருந்து அவனே சொன்னான் அதை,
தானே திருடன் என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு.
என் அம்மாவிடம் சொன்னான்.
என் மனைவியிடம், என் பிள்ளைகளிடம்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவே மாட்டான்.

அந்தப் பெட்டியில்
மூடுபனி பார்த்த கண்ணாடிப் பக்கம் அவன் திரும்பியபோது
அவன் மடியிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தது நான்.
ஏழெட்டு ஐம்பத்துநாலு என்பது அவன் தப்பு,
சொந்தத் தப்பு, நேர்மையான தப்பு.
திருட்டு மட்டும் என்னுடையது.

தெரிந்தவர்கள் இரண்டு பேர்.
இன்று மதியம்வரை இரண்டு பேர்.

எழுந்தேன்.
கோப்பை நடுங்கியது. ரொட்டியில் சொட்டு விடப் போய்
பாதி கொட்டிவிட்டது.
“நண்பர்களே,” என்றேன்,
“அந்தக் கணக்கு... ஏழெட்டு...”

“ஐம்பத்துநாலு!”
என்று மேசை முழுக்கக் கத்தியது,
அவன் பேரன்கூட, வாய் நிறையச் சோற்றோடு.
குடித்தார்கள்.
நானும் குடித்தேன். உட்கார்ந்தேன்.

அடுத்தவர் எழுந்து பேசிக்கொண்டிருக்கிறார்.
அவன் தொப்பி இன்னும் என் மடியில் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.